ஒரு பல்

ஜனவரி. மயூர் விஹார்.
எதிர் பிளாக் இன்னும் வந்து சேரவில்லை,
பனிமூட்டம் பிடித்து வைத்திருக்கிறது.
சான்ட்ரோவின் வலது முன்சக்கரம் கழற்றி
ஸ்டாண்டில் நிறுத்தியாயிற்று.
பாட்டரியின் மைனஸ் முனை
பேச்சு நின்ற சம்பந்தி மாதிரி ஒதுங்கிக் கிடக்கிறது.
டார்ச் பிடிப்பது செங்குட்டுவன்.
முப்பது வருஷமாக இவர்
தான் பார்க்கிற இடத்துக்குத்தான் வெளிச்சம் காட்டுவார்,
நான் பார்க்கிற இடத்துக்கு அல்ல.

கிராங்க் புல்லியின் போல்ட் அசையவில்லை.
ஐந்தாவது கியரில் போட்டு
இவரை பிரேக் மிதிக்கச் சொல்லி
ரெஞ்சின் பிடியில் பழைய தண்ணீர்க் குழாயைச் செருகி
முழு உடம்பையும் வைத்தேன். அறுபத்திரண்டு கிலோ.
டக்.
எலும்பா போல்ட்டா என்று
ஒரு நொடி தெரியவில்லை.

தியாகி ஜி பால் வாங்க இறங்கினார்.
பெயர்தான் தியாகி,
பார்க்கிங்கில் ஒரு சாண் விட்டுத்தந்ததில்லை.
ஆர்.சி. தேதியைக் கேட்டார், விரல் விட்டு எண்ணினார்.
பத்து மாதம்.
அதோடு வண்டிக்குப் பதினைந்து வயது,
டெல்லிச் சாலையில் இறங்கக் கூடாது.
"பத்து மாசத்துக்கு
அறுபதாயிரம் கிலோமீட்டர் பெல்ட்டா, மேடம்?"
பதில் சொல்ல வாயில் இடமில்லை,
பத்து எம்.எம். போல்ட்டைக் கடித்திருந்தேன்.

பெல்ட்டுக்கு ஆர்.சி. படிக்கத் தெரியாது.
பாராபுல்லா மேம்பாலத்தின் நடுவில் அறுந்தால்
கீழிருந்து பிஸ்டன் ஏறும்,
மேலே வால்வு விலகாது,
அவ்வளவுதான் கதை.
ஒன்று எழும்போது மற்றது ஒதுங்குவது
அன்பினால் அல்ல.
பல் வைத்த ரப்பர்.

கழற்றுமுன் அடையாளம் வேண்டும்.
நாத்தனார் மகள் வரவேற்புக்கு வாங்கி
ஒருமுறை மட்டும் பூசிய நெயில் பாலிஷ்.
மேலே கேம் சக்கரத்தில் ஒரு பொட்டு,
கீழே கிராங்கில் ஒரு பொட்டு.
குளிரில் சிவப்பு காய மறுத்தது,
வாயால் ஊதினேன், எனக்கே சிரிப்பு வந்தது.

பழைய பெல்ட் கையோடு வந்தது.
வெடிப்புத் தேடினேன்.
மடித்து, திருப்பி, வளைத்து,
முதுகில் மெலிந்த இரண்டு கீறல், வேறில்லை.
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.
"இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்கும்" என்றார்.
ஓடியிருக்கலாம்.
அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி
ஓடவிடுவது.

புதியதை மாட்டி, டென்ஷனரை முறுக்கி,
கையால் சுற்றினேன்.
கிராங்க் இரண்டு சுற்று, கேம் ஒன்று.
எங்கும் இடிக்கவில்லை.
ஆனால் மேலே பொட்டு
கோட்டைத் தாண்டி நின்றது.
"ஒரு பல்தானே?"

பள்ளி ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷம்
வெர்னியர் கோட்டைக் குனிந்து பார்த்தவளிடம்
கேட்கிற கேள்வியா இது?
முன்பல் ஒன்று நகர்ந்தால் சிரிப்பே கோணும்.
டென்ஷனரைத் தளர்த்தினேன்.
முழங்கை கிழிந்தது. கெட்ட வார்த்தை ஒன்று
தமிழிலேயே சொன்னேன், தியாகி ஜிக்குப் புரியாது.
மறுபடி பல் எண்ணி,
மறுபடி கையால் இரண்டு சுற்று,
மூச்சு விடாமல்.
பொட்டும் கோடும்.

சாவி.
என்ஜின் நேற்றைய சத்தத்தையே போட்டது.
ஒரு புது முனகல்கூட இல்லை.
எட்டு மணி நேரம் உழைத்துச் சம்பாதித்தது
நேற்றைய சத்தம்.
பால்கனியிலிருந்து தியாகி ஜி,
"சரியாயிடுச்சா?"
"கெட்டே போகலையே" என்றேன்.
அவர் முகத்தில் பரிதாபம்
எனக்கா, வண்டிக்கா?

குப்பியின் அடியில் கொஞ்சம் சிவப்பு.
கவரின் மேல் எழுதினேன்: 1,14,380.
அதன் கீழே, பழக்க தோஷம்,
அடுத்தது: 1,74,380.
எந்த ஊரில், யார் கையில்
என்பதற்கு இடம் விடவில்லை.

எதிர் பிளாக் ஒருவழியாக வந்து நின்றது,
துணி காயும் கொடிகளோடு, முழுசாக.
வெயில் அடிக்கிறது, இவர் இன்னும்
டார்ச்சை அணைக்கவில்லை.
வண்டிக்கடியில் எதையோ காட்டிக்கொண்டிருக்கிறார்.
குனிந்து பார்த்தேன்.
போல்ட். பத்து எம்.எம்.
என் பல் பட்ட தடத்தோடு.